காவல் யாருக்குப் பயந்து?

இராஜபாளையத்திலிருந்து சேத்தூர் போகும் சாலையில், தென்னந்தோப்புக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற நன்மைப்பூச்சி வளர்ப்புக் கூடத்தில் இன்பத்துக்குப் பதினாறு வருட வேலை. கருந்தலைப்புழு என்று ஒன்று உண்டு. ஓலையின் அடியில் ஒட்டிக்கொண்டு பச்சையைச் சுரண்டித் தின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பே தீப்பிடித்து அணைந்தது மாதிரி இருக்கும். அந்தப் புழுவைத் தேடிப் பிடித்து, கொட்டி மயக்கி, அதன் உடம்பின் மேலேயே முட்டையிடுகிற சின்னக் கறுப்புக் குளவியும் உண்டு. எறும்பு அளவுதான் இருக்கும். புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத பெயர். கூடத்தில் வேலை பார்க்கிற நான்கு பெண்களும் ‘பெத்தி’ என்பார்கள். பெத்தியை வளர்த்துத் தோப்புக்காரர்களிடம் கொடுத்து அனுப்புவதுதான் அவர்களுடைய வேலை. கண்ணாடிக் குழாய்க்கு ஒரு புழு, ஒரு தாய்க்குளவி, பஞ்சில் ஒரு சொட்டுத் தேன், வாயைக் கட்ட ஒரு துண்டுத் துணி.

இன்பம் பத்தாவது வரை படித்தவள். பதினேழு வயதில் நூல் மில்லுக்குப் போனாள். பஞ்சுத்தூசி நெஞ்சில் சேர்ந்து இருமலை விடாமல் பிடித்துக்கொண்ட பிறகு, தேவதானத்திலிருக்கும் அவள் அண்ணன் சொல்லி இந்த வேலை கிடைத்தது. வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதை யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், “தென்னை ஆபீஸ்ல இருக்கேன்” என்று நிறுத்திக்கொள்வாள். விவரம் தெரிந்த சொந்தக்காரர்கள் ‘புழுப் பண்ணைக்காரி’ என்று முதுகுக்குப் பின்னால் சொல்வது அவளுக்கும் தெரியும். கணவன் தேவநேசன் அப்படிச் சொல்லமாட்டான். வீட்டுக்குள் நுழைந்ததும், “கையக் கழுவிட்டு வா” என்பான், அவ்வளவுதான். அவன் மில் லாரி ஓட்டுநர். பாதி நாள் சாலையில் இருப்பவன்.

போன வருடம் பங்குனியில், லாரியின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து தேவநேசன் கீழே விழுந்தான். இடது காலில் எலும்பு முறிந்து, தகடு வைத்தார்கள். மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. உட்கார்ந்த இடத்தில் இருந்து பழகாத மனுஷன். இரண்டாம் வாரமே சுவரிலிருக்கும் பல்லியோடு பேச ஆரம்பித்துவிட்டான். கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் மகள் செலினா, அப்பாவின் போனில் ஏதோ செய்து, வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழில் பார்க்கும்படி ஏற்பாடு பண்ணிக் கொடுத்தாள். அப்படித்தான் ‘தூரக்கரை’ அந்த வீட்டுக்குள் வந்தது.

தரை என்பதே இல்லாத, முழுக்கத் தண்ணீரான ஒரு கிரகம். அதன் மேல் மிதக்கிற ஒரு நிலையத்தில் நாற்பது மனிதர்கள். அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு உயிர் வருகிறது. ‘உள்வாழி’ என்று தமிழில் பெயர் வைத்திருந்தார்கள். பிடரி வழியாக ஆளுக்குள் புகுந்துவிடும். புகுந்த பிறகும் ஆள் சாவதில்லை. நடப்பார், பார்ப்பார், பேச மட்டும் மாட்டார். தேவநேசனுக்குப் பயம். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. “செத்த நேரம் பக்கத்துல உக்காரேன்” என்று சாயங்காலங்களில் மனைவியைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வான். முதல் இரண்டு நாள் கீரை ஆய்ந்துகொண்டே அரைக்கண்ணால் பார்த்தவள், மூன்றாம் நாள் கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

“இது கொல்லாது” என்றாள்.

“என்னது கொல்லாது? அந்தாளு மூஞ்சியப் பாரு, வெளுத்துக் கெடக்கு.”

“செத்துப்போனா அழுகிரும்லா? அழுகினா இதுக்கு என்ன பிரயோசனம்? உசுரோட வச்சிருந்தாத்தான் குஞ்சுக்குச் சாப்பாடு.”

தேவநேசன் போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டான்.

முதல் பாகம் ஒரு கேள்வியோடு முடிந்தது. உள்வாழி புகுந்த பன்னிரண்டு பேர் குளிர் அறையில் வரிசையாகக் கிடக்கிறார்கள். நிலையத்தின் பொறியாளரான ரெனா என்ற பெண்ணுக்குள்ளும் ஒன்று புகுந்திருக்கிறது. ஆனால் அவள் படுக்கவில்லை. குளிர் அறையின் வாசலில் முதுகைக் கொடுத்து நிற்கிறாள். சாப்பிடவில்லை, அசையவில்லை. ஏன் நிற்கிறாள் என்று சொல்லாமலே திரை இருண்டுவிட்டது. அடுத்த பாகம் வர எட்டு மாதம் ஆகும் என்றார்கள்.

தமிழில் அந்தத் தொடரைப் பார்க்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நஸ்ருதீன் என்பவர் நடத்திவந்தார். ஆயிரத்துச் சொச்சம் பேர். தேவநேசன் அதில் சேர்ந்து, அங்கே வருகிற ஊகங்களையெல்லாம் மனைவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவான். குளிர் அறையில் கிடப்பவர்களை மற்ற மனிதர்கள் காப்பாற்றிவிடாமல் இருக்கத்தான் ரெனா தடுக்கிறாள் என்பது ஒரு கட்சி. மூளை தின்றாகிவிட்டது, இனி அவள் வெறும் பொம்மை என்பது இன்னொரு கட்சி. அவளுடைய பழைய நினைவு கொஞ்சம் மிச்சமிருக்கிறது, அதனால்தான் நண்பர்களை விட்டுப் போகவில்லை என்றும் ஒரு கூட்டம் சொன்னது.

எல்லாவற்றையும் கேட்ட இன்பம், கடைசிக் காட்சியைத் திருப்பிப் போடச் சொன்னாள். மூன்று தடவை பார்த்தாள். மறுநாள் தன் போனிலேயே குழுவில் சேர்ந்து, ஒற்றை விரலால் முக்கால் மணி நேரம் தட்டி இப்படி எழுதினாள்:

‘ரெனா மனுசங்களுக்குப் பயந்து நிற்கவில்லை. ஆட்கள் வருகிற நடைபாதைப் பக்கம் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மேலே இருக்கிற காற்றுக்குழாயைத்தான் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அந்த வழியாக வரக்கூடியது இன்னொரு உள்வாழி மட்டும்தான். படுத்திருக்கிற பன்னிரண்டு பேர் உடம்பிலும் இருப்பது இவளுக்குள் இருக்கிற தாய் உள்வாழியின் முட்டை. இன்னொருத்தி வந்தால் அதை அழித்துவிட்டுத் தன் முட்டையை வைப்பாள். தன் இனத்துக்குப் பயந்துதான் காவல் நிற்கிறாள். நான் வேலை பார்க்கும் இடத்தில் குளவிகள் இப்படித்தான் செய்யும்.’

காலையில் பார்த்தால் நூற்று நாற்பது பதில்கள். ஆளாளுக்குக் கடைசிக் காட்சியைப் போட்டுப் பார்த்திருந்தார்கள். ‘சார், உண்மையாகவே மேலேதான் பார்க்கிறாள்!’ ‘எந்த ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறீர்கள் சார்?’ அவள் முகப்புப் படமாகப் பெத்தியின் படத்தை வைத்திருந்தாள். இன்பம் என்ற பெயரை வைத்து அவர்களாகவே ஒரு சாரைக் கற்பனை பண்ணிக்கொண்டார்கள். அதைத் திருத்த வேண்டும் என்று நினைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

சாயங்காலம் வேறொரு பதில் வந்தது. எழுதியவர் வைகுண்டராஜ். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். குழுவில் அவர் சொன்னால் மறுபேச்சு இருக்காது. ‘கதை சுவாரசியம்தான். ஆனால் ஒரே இனத்துத் தாய் இன்னொரு தாயின் முட்டையை அழிக்கும், அதற்குப் பயந்து இது காவல் நிற்கும் என்பதெல்லாம் மனிதக் குணத்தைப் பூச்சியின் மேல் ஏற்றுவது. கொஞ்சம் படித்துவிட்டு எழுதுங்கள் சார்.’

அன்று இன்பம் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். தேவநேசன் அதை வாசித்துக் காட்டினான்.

“தேவையா எனக்கு? பேசாம கெடந்திருக்கலாம்” என்றாள்.

“நீ கண்ணால பாத்ததத்தான எழுதுன?”

“ஆமா. நாலு வருசத்துக்கு முன்ன எங்கூட வேல பாக்குற செல்லத்தாய் தவறுதலா ஒரே கொழாய்ல ரெண்டு தாயப் போட்டுட்டா. தூரப் போடச் சொன்னாக. நான்தான் சன்னல்ல வச்சு ரெண்டு நாள் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“பொறவு என்ன? பயப்படாத.” சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்தான். பிறகு, “ஆமா, அந்தத் தாய்க் குளவி அம்புட்டு நாளும் சாப்பிடாதா?” என்று கேட்டான்.

இருபத்து நான்கு வருடக் குடித்தனத்தில் அவளுடைய வேலையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது. இன்பம் அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். புழுவைப் பெத்தி எங்கே கொட்டும், எத்தனை நாள் கழித்து முட்டை வைக்கும், குஞ்சுகள் புழுவை உறிஞ்சி முடித்துக் கூடு கட்டுகிறவரை தாய் எப்படி அந்த இடத்தை விட்டு நகராமல் சுற்றிச் சுற்றி வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தோசைக்கல் ஆறிப்போனது. அவன் நடுநடுவே கேட்டுக்கொண்டே இருந்தான். “ஏட்டி, இம்புட்டையும் எங்கிட்டச் சொல்லவே இல்லியே!” என்றான் கடைசியில். “நீங்க எங்க கேட்டிய?” என்றாள் அவள்.

வைகுண்டராஜுக்குப் பதிலாக அவள் ஒரு காணொளி எடுத்து அனுப்பினாள். பூதக்கண்ணாடியின் மேல் போனை வைத்து எடுத்தது. ஒன்றும் தெளிவாக இல்லை. ‘ரெண்டு மிளகு சண்டை போடுது’ என்று ஒருவர் எழுத, குழு முழுக்கச் சிரித்தது. சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் விஷயம் அந்தரத்தில் நின்றது. நஸ்ருதீன்தான் வழி சொன்னார்: ‘என் கடை மாடியில் இடம் இருக்கிறது. வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் கூடுவோம். சார் குளவியைக் கொண்டுவந்து காட்டட்டும்.’

இன்பம் போகமாட்டேன் என்றாள். வருகிறவர்கள் கோட்டுப் போட்ட ஒரு விஞ்ஞானியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். தான் போய் நின்றால் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தாலே அவளுக்கு வியர்த்தது. தேவநேசன் அப்போது கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தான். “நானும் வாரேன்” என்றான். “வீட்டுக்குள்ளயே கெடந்து எனக்கும் கிறுக்குப் புடிச்சிரும்.” கூடத்துப் பொறுப்பாளர் சுயம்புலிங்கத்திடம் தயங்கித் தயங்கி அனுமதி கேட்டாள். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆறு குழாய்களோடு, கூடத்தின் நல்ல பூதக்கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்தார். “பத்திரமாக் கொண்டாந்துரணும். கண்ணாடியச் சொல்லுதேன், குளவிய இல்ல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்ததும் இருவரும் பஸ் ஏறினார்கள். குழாய்கள் சாப்பாட்டுப் பையில், ஈரத்துணி சுற்றி, அவள் மடியில். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கடை. மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்த நஸ்ருதீன், தேவநேசனைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“வாங்க, வாங்க இன்பம் சார்! கால்ல என்ன ஆச்சு?”

“நான் அவிய வீட்டுக்காரன். இன்பம் பின்னால வாராக” என்றான் தேவநேசன்.

நஸ்ருதீன் அவளைப் பார்த்தார், அவள் பையைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு, “அல்லா! எட்டு வாரமா உங்கள சார்னு கூப்பிட்டிருக்கேனே அக்கா!” என்று கத்தியே விட்டார்.

மாடியில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். மில்காரர்கள், ஒரு தையல்காரர், சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த இரண்டு வயல்காரர்கள், கல்லூரிப் பெண்கள். முன்வரிசையில் நரைத்த மீசையோடு வைகுண்டராஜ். இன்பம் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். “நான் சாருமில்ல, விஞ்ஞானியுமில்ல. பத்தாவதுதான் படிச்சிருக்கேன். சேத்தூர் ரோட்டுல புழு வளக்குறேன்.” தையல்காரர்தான் முதலில் கைதட்டினார். குழாயைக் கையில் எடுத்ததும் அவளுக்குக் கூச்சம் போய்விட்டது.

முந்தின நாள் முட்டை வைத்து, புழுவின் மேல் காவல் இருந்த ஒரு தாய்க்குளவியின் குழாயைத் தேர்ந்தெடுத்தாள். முட்டைகளை வைகுண்டராஜே எண்ணினார். எட்டு. துணியைப் பிரித்து இரண்டாவது குளவியை உள்ளே விட்டாள். எல்லோரும் சுற்றி நின்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. புதியவள் கண்ணாடிச் சுவரில் ஏறிக்கொண்டாள். பழையவள் புழுவை விட்டு நகரவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொருவராக நாற்காலிக்குப் போய், அடுத்த பாகத்தில் ரெனா பிழைப்பாளா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். டீ வந்தது. வைகுண்டராஜ் ஒன்றும் சொல்லாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்லித் தொலைத்தால்கூடத் தேவலை என்றிருந்தது இன்பத்துக்கு.

டீத் தட்டைக் கொண்டுவந்த நஸ்ருதீனின் மனைவி நாஜியா, போகிற போக்கில் பூதக்கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தவள், “ஐயோ, இங்க வாங்க! அடிச்சுக்கிடுதுக!” என்று கூவினாள்.

இருபத்தாறு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தடித்து வந்தார்கள். புதியவள் இறங்கி வந்திருந்தாள். பழையவள் பாய்ந்து அவள் காலைக் கவ்வினாள்; இருவரும் உருண்டார்கள், பிரிந்தார்கள், மறுபடி கட்டிக்கொண்டார்கள். வரிசை வைத்து ஆளுக்கு அரை நிமிடம் என்று பார்த்தார்கள். வைகுண்டராஜின் முறை வந்தபோது அவர் அரை நிமிடத்தில் எழுந்திருக்கவில்லை. யாரும் அவரை எழுப்பவும் இல்லை. நிமிர்ந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இருபத்தஞ்சு வருசமா ஒட்டுண்ணிக் குளவின்னு பாடம் நடத்துதேன். உசுரோட இன்னைக்குத்தான் பாக்கேன்” என்றார். பிறகு இன்பத்தின் பக்கம் திரும்பி, “படிச்சுட்டு எழுதுங்கன்னு உங்களுக்கு எழுதினது தப்பும்மா” என்றார்.

“இருக்கட்டும் சார். நீங்க கேக்கலைன்னா நான் இத மறுபடி செஞ்சு பாத்திருக்க மாட்டேன்.”

“முட்டைய அழிக்குமான்னு இன்னும் பாக்கல. கொழாய நான் கொண்டு போகலாமா?”

தேன் வைக்கும் விதத்தையும், வெயில் படாமல் வைக்க வேண்டிய இடத்தையும் சொல்லி, துணியை இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். மறுநாள் பதினொரு மணிக்கு, கூடத்தில் கையுறையோடு இருந்தபோது போன் அடித்தது. வைகுண்டராஜ் வகுப்புக்கு நடுவில் வெளியே வந்து பேசினார். புதியவள்தான் ஜெயித்திருந்தாள். “எட்டு முட்டையில ஒண்ணுகூட இல்ல. மென்னு போட்டிருக்கா. இப்ப இவ காவல் நிக்கா. நீங்க சொன்னதேதான்.” அதையே படத்தோடு குழுவிலும் போட்டார். அன்றிலிருந்து அந்த ஊகத்துக்கு ‘இன்பம் கட்சி’ என்று பெயர் வந்தது. கூடத்தில் செல்லத்தாய்க்கு ஒரே சிரிப்பு. “நான் தப்பாப் போட்ட கொழாயாலதான உனக்கு இம்புட்டுப் பேரு? எனக்கு என்ன செய்யப் போற?” என்றாள். இன்பம் அடுத்த நாள் அவளுக்குக் கறிக்குழம்பு கொண்டுபோனாள்.

எட்டு மாதம் முழுக்கக் குழு அதையே பேசியது. இன்பம் வாரம் ஒரு நாள் எழுதினாள். புழுவின் மயக்கம் ஏன் தெளிவதில்லை, குஞ்சுகள் ஏன் ஒன்றையொன்று தின்பதில்லை என்று யாராவது கேட்பார்கள்; தெரிந்தால் சொல்வாள்; தெரியாவிட்டால் குழாயில் பார்த்துவிட்டுச் சொல்வாள். தேவநேசன் மறுபடி லாரி ஏறிவிட்டான். தூத்துக்குடி வழியில் டீ குடிக்க நிறுத்தும் இடத்திலிருந்து, “இன்னைக்கு என்ன கேட்டானுக?” என்று கூப்பிடுவான். போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த நாத்தனாரிடம், “இவ பெத்தி வளக்குறா, தெரியுமா?” என்று அவனே ஆரம்பித்து, அரை மணி நேரம் அவளை நகரவிடவில்லை.

தை மாதம் அடுத்த பாகம் வந்தது. தேவநேசன் அன்று லீவு போட்டிருந்தான். மூன்றாம் அத்தியாயத்தில் விடை தெரிந்தது. ரெனாவுக்குள் அவளுடைய மனித மனம் சாகவில்லையாம். நண்பர்கள் மேலிருந்த அன்பினால் உள்வாழியை அடக்கி, அவர்களைக் காப்பாற்றத்தான் அங்கே நின்றாளாம். மேலே பார்த்தது, வானத்திலிருந்து வரப்போகும் மீட்புக் கப்பலுக்காகவாம்.

தேவநேசனுக்குக் கோபம் தாங்கவில்லை. “இவனுகளுக்கு ஒரு நாள் சேத்தூர் வந்து பாத்துட்டுப் போவ என்ன கேடு? சாப்பாடு இல்லாம எம்புட்டு நாளு மனுச மனசு நிக்கும்?” இன்பத்துக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் ரெனா பிழைத்துக்கொண்டதில் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கும்.

மறுநாள் காலை குழுவில் பெரிய கலவரம். நஸ்ருதீன் ஒரு வாக்கெடுப்பு வைத்தார். தொடர் சொன்ன முடிவா, இன்பம் அக்கா சொன்ன முடிவா, எதை நாம் ஏற்றுக்கொள்வது? பஸ்ஸில் உட்கார்ந்து இன்பம் அதைத் திறந்தபோது, அறுநூறு பேரில் நானூற்றுக்கு மேல் அவள் பக்கம் நின்றார்கள். வைகுண்டராஜும் அந்தப் பக்கம்தான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, தொடர் சொன்ன முடிவுக்கு வாக்குப் போட்டாள்.

உடனே வைகுண்டராஜிடமிருந்து போன். “என்னம்மா, உங்களுக்கே நீங்க ஓட்டுப் போடல?”

“கத அவியளுது சார். அவிய என்ன சொல்லுதாகளோ அதுதான் முடிவு. குளவியப் பத்திக் கேட்டா நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.”

அவர் சிரித்தார். அடுத்த வாரம் தன் மனைவியோடு கூடத்தைப் பார்க்க வரலாமா என்று கேட்டார். “செவ்வாக்கிழமை வாங்க, அன்னைக்குத்தான் புதுப் புழுவுக்குத் தாய்க் குளவிய மாத்துவோம்” என்றாள். கண்டக்டர் விசில் அடித்தார். அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இறங்குவதற்காக எழுந்தாள்.